ஆடிக்கு முந்தின வழியனுப்பு

என் கணவர் இரண்டு முறை துணைவேந்தராகப் போனார். முதல் முறை அவர் போகவில்லை, ஊர்தான் அனுப்பி வைத்தது. இரண்டாவது முறை உண்மையாகவே போனார். இரண்டுக்கும் நடுவில் என் வேலை போயிற்று. இதைச் சொன்னால், "இன்னுமா அதையே நெனச்சுக்கிட்டு இருக்கீக?" என்று சிலர் கேட்பார்கள். நினைக்காமல் என்ன செய்ய? போனது அவர்கள் வேலையா?

அவருக்குச் சொந்த ஊர் வத்திராயிருப்பு. தென்னந்தோப்புக்கும் வயலுக்கும் நடுவில் பிறந்தவருக்கு இரும்பின் மேல் எப்படிப் பிரியம் வந்ததோ தெரியாது. கல்யாண வீட்டுக்குப் போனால் மணமக்களைப் பார்க்குமுன் பந்தலுக்குப் பின்னால் ஓடுகிற ஜெனரேட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ராஜபாளையத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் விரிவுரையாளராகச் சேர்ந்தார். ஊரில் பஞ்சாலைக்குக் குறைவில்லை. எந்த மில்லில் எந்த இயந்திரம் அதிர்ந்தாலும் முதலாளி வீட்டுக் கார் எங்கள் தெருவுக்கு வரும். இவர் போய் இயந்திரத்தின் மேல் கையை வைத்துப் பார்ப்பார், இரண்டு கேள்வி கேட்பார், ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் கொடுப்பார். வகுப்பில் அவர் குரல் மூன்றாவது கட்டடம் வரை கேட்கும் என்பார்கள். வீட்டில் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். குடியிருந்தது ராஜபாளையத்தில். தினமும் காலையில் பஸ், சாயங்காலம் பஸ். அவர் பி.எச்.டி. செய்யச் சென்னைக்குப் போயிருந்த வருஷங்களில் வீட்டில் உலை கொதித்தது என் சம்பளத்தில்தான். இதை அவர் மறுத்ததில்லை. சொன்னதும் இல்லை.

பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பினார். அந்தச் சமயத்தில் மில்காரர்கள் சிலர் சேர்ந்து ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கினார்கள். இவரைக் கூப்பிட்டார்கள். பேராசிரியர், துறைத்தலைவர், பிறகு முதல்வர். மரம் ஏறுகிறவர் பிடி பிடியாக ஏறுவது மாதிரி ஏறினார், சத்தமில்லாமல். ஒவ்வொரு படிக்கும் அவருடைய பயோடேட்டாவில் ஒரு வரி கூடும். அதை டைப் செய்யக் கொடுக்குமுன் பிழை பார்ப்பது என் வேலை. சொந்த விவரங்கள் என்ற தலைப்பில் 'மணமானவர்' என்று இருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள் நானும் என் பள்ளியும் என் பஸ்ஸும் அடக்கம்.

எனக்கும் ஓர் ஆசை இருந்தது. எங்கள் பள்ளியில் தலைமையாசிரியை அந்தக் கல்வியாண்டு முடியும்போது ஓய்வு பெற இருந்தார். சீனியாரிட்டியில் அடுத்தது நான். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை, மனசார வேண்டும். பத்தாம் வகுப்பில் கணக்கு வராத பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பித் தள்ளிவிடுகிற வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று வருஷக்கணக்காக மனதில் வைத்திருந்தேன். வன்னியம்பட்டிப் பக்கத்திலிருந்து நடந்தே வருகிற பிள்ளைகளுக்குக் காலையில் தனி வகுப்பு வைக்க வேண்டும், எந்த அறையில், யாரைப் போட்டு என்பதுவரை யோசித்திருந்தேன். பஸ்ஸில் போகிறவளுக்கு யோசிக்க நேரத்துக்கா பஞ்சம்?

எண்பதுகளின் கடைசி. ஒரு பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் பதவி காலியானது. கல்லூரிச் செயலாளர் சொல்லி இவரும் விண்ணப்பம் போட்டார். இதில் ஒரு முறை உண்டு. தேடல் குழு என்று ஒன்று உட்கார்ந்து மூன்று பெயரைத் தேர்ந்து வேந்தருக்கு அனுப்பும். மூன்றில் ஒருவரை அவர் நியமிப்பார். யாரை வேண்டுமானாலும். ஆனி மாதத்தில் ஒரு நாள் சென்னையிலிருந்து செயலாளருக்குப் போன் வந்தது. பட்டியலில் முதல் பெயர் நம்மவர் பெயர்.

செயலாளர் மில் நடத்துகிறவர். அவர் மில்லில் ஆள் எடுக்கும்போது பட்டியலில் முதல் பெயர் யாருடையதோ அவருக்குத்தான் வேலை. அவருக்கு வேறு கணக்குத் தெரியாது. காரை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மொதப் பேரு நம்ம சார் பேரு. அப்புறம் என்னங்க? ஆர்டரெல்லாம் தபால்காரன் கொண்டாந்து குடுப்பான்."

இவர் சிரித்துக்கொண்டு, "பொறுத்துப் பாப்போம் சார்" என்றார். அது மறுப்பா, ஆமாமா என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆமாம் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டு அம்மா தெலுங்கு பேசுகிறவர்கள். "அவுனா அக்கா, நெசமாவா!" என்று ஈரக்கையோடு ஓடிவந்து என் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தார்கள். சாயங்காலத்துக்குள் வீட்டில் எலுமிச்சம்பழமும் பால்கோவா டப்பாவும் சால்வையும் குவிந்துவிட்டன. இரண்டு நாளில் சுவரெல்லாம் வாழ்த்து நோட்டீஸ். அதில் 'துணைவேந்தர்' என்று இருந்தது. 'ஆக இருக்கும்' என்றெல்லாம் யாரும் அச்சடிக்கவில்லை. பிள்ளை பெறும் முன்னே பேர் வைக்கிற கதை. ஆனால் பேர் வைக்கிறவர்களுக்கு அது கதையாகவா தெரியும்?

இங்கேதான் ஆடி வந்து நின்றது. வத்திராயிருப்பிலிருந்து அத்தை, அவருடைய அம்மா, பஸ் ஏறி வந்து கட்டளையிட்டார்கள்.

"ஏலே, ஆடி பொறந்துட்டா நல்ல காரியம் ஒண்ணும் செய்யப்படாது. வழியனுப்புறது, சாவி மாத்துறது எல்லாத்தையும் ஆனிக்குள்ள முடிச்சிரு. ஆவணி பொறந்ததும் போயிப் பால் காய்ச்சிரலாம்."

"அம்மா, ஆர்டரே இன்னும் வரல."

"வரும்லே. அது ஆடியில வந்தா நீ ஆடியிலயா எல்லார்ட்டயும் சொல்லிக்கிடுவ? கூறுகெட்ட பயலே."

இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் படித்தவர், படிக்காதவர் எல்லாருக்கும் ஆடி ஆடிதான். கல்லூரி நிர்வாகமும் அதையே சொன்னது. ஆடியில் வழியனுப்பினால் போன இடம் விளங்காது என்று. ஆகவே ஆனி முடியுமுன் விழா. பந்தல், மைக் செட், எல்லாத் துறைகளிலிருந்தும் மாலை. மேடையில் ஒரு பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு முதல்வர் அறைச் சாவிக்கொத்தை வைத்து இவர் துணை முதல்வரிடம் கொடுத்தார். அவர் தட்டோடு இவர் காலில் விழுந்தார். கூட்டம் கைதட்டியது. மாணவர்கள் சிலர் அழுதார்கள். சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் கண் கலங்கியது.

என் பள்ளியிலும் பேச்சு எழுந்தது. டீச்சர் எப்படியும் கூடப் போகப் போகிறவர்தானே, அவர்களுக்கும் ஆனிக்குள் செய்துவிடலாமே? தாளாளர் கூப்பிட்டுக் கேட்டார். இப்போதே எழுதிக் கொடுத்தால் காலாண்டுக்கு முன் வேறு ஆள் போட வசதி, பிள்ளைகள் படிப்புக் கெடாது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். எல்லாரும் சொன்னது நியாயம்தான். அதுதான் வினை.

அன்று சாயங்காலம் கணவரிடம் கேட்டேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ராஜினாமா எழுதிக் குடுக்கச் சொல்றாக. நான் என்ன செய்யட்டும்?"

பேப்பரை மடித்தார். கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்தார். "ஒனக்கு எது சரின்னு படுதோ, செய்யி" என்றார்.

இதைவிட வசதியான பதில் உலகத்தில் உண்டா? வேலையை விடு என்று அவர் சொல்லவில்லை. விடாதே என்றும் சொல்லவில்லை. நாளைக்கு யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்க முடியாது. இயந்திரத்தின் மேல் கை வைத்தவுடன் எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லத் தெரிந்த மனுஷன். நான் எதிரில் நின்று உண்மையில் என்ன கேட்டேன் என்று தெரியாமலா போயிருக்கும்? பெண்டாட்டி துணைவேந்தர் வீட்டில் இருக்க வேண்டும், நாலு பேர் வருவார்கள், காப்பி கொடுக்க வேண்டும், அதெல்லாம் சொல்லியா தெரிய வேண்டும் என்று ஊர் நினைத்தது. அவரும் அதையே நினைத்தார். நானும் கடைசியில் அப்படித்தான் நினைத்தேன். எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகள் ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்தார்கள். சக டீச்சர்கள் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 

ஆடி பிறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேருக்கு வடம் பிடிக்கிற வேளையில் பேப்பரில் செய்தி வந்தது. வேந்தர் மூன்றாவது பெயரை நியமித்திருந்தார். ஏன், எதற்கு என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. சொல்ல வேண்டிய அவசியமும் வேந்தருக்கு இல்லை. மூன்றில் ஒன்று, அவ்வளவுதான்.

பாவம், அவர் பட்டபாட்டை நான் மறைக்க மாட்டேன். ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. தேர் பார்க்க வந்த உறவினர் வீட்டுக்கு வந்தபோது உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மேடையில் தட்டோடு கொடுத்த சாவியைத் திரும்பக் கேட்க முடியுமா? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை, வாயில் இருந்ததும் போயிற்று. எங்கள் தெருவுக்கு 'வைஸ் சான்சலர் தெரு' என்று பேர் விழுந்தது. ஆட்டோக்காரரிடம் வீட்டு அடையாளம் சொன்னால், "வைஸ் சான்சலர் வீடுன்னு சொல்லுங்களேன்" என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த மகள் அந்த விடுமுறைக்கு வீட்டுக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள்.

ஆனால் அவரை ஊர் விட்டுவிடவில்லை. செயலாளர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அவசரத்தால வந்த வினை சார் இது" என்று கண் கலங்கினார். நல்ல மனிதர். நூலகத்தை ஒட்டி ஓர் அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, 'மூத்த பேராசிரியர் மற்றும் ஆலோசகர்' என்று பலகை மாட்டிக் கொடுத்தார்கள். ஆவணியில் அவர் வேலைக்குப் போனார். அவருக்கு ஆவணி வந்தது.

நானும் என் பள்ளிக்குப் போனேன். கூட வருகிறீர்களா என்று அவரைக் கேட்கவில்லை. அவராகவும் கிளம்பவில்லை. தாளாளர் எழுந்து நின்று வரவேற்றார், காப்பி சொன்னார்.

"ஒங்க எடத்துக்கு ஆள் போட்டு அப்ரூவலுக்கும் அனுப்பியாச்சேம்மா. இனிமே நான் என்ன செய்ய?"

"சும்மா தற்காலிகமா ஏதாச்சும்..."

"ஒங்கள எப்படிம்மா தற்காலிகமாப் போட? நல்லாவா இருக்கும்? ஒங்களுக்கென்ன, சார் இருக்காக. நிம்மதியா இருங்க."

வராந்தாவில் வந்தால் டீச்சர்கள் சூழ்ந்துகொண்டார்கள். எனக்கு அடுத்த சீனியர் என் கையைப் பிடித்து, "அக்கா, சாருக்கு இப்படி ஆகிப்போச்சே" என்று அழுதாள். சாருக்கு! அடுத்த ஜூனில் அவள்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. சாருக்கு என்று சொன்னாளே, அதற்குத்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "இல்லன்னுட்டாக." அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆர்டர் வராம அவசரப்பட்டிருக்கப்படாது" என்றார். அவர் தன்னைச் சொல்கிறாரா, என்னைச் சொல்கிறாரா என்று கேட்கவில்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

சில மாதம் வீட்டில் இருந்து பார்த்தேன். ஆகவில்லை. கைகால் நல்லாயிருக்கிற ஒருத்தி பகலெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் புத்தி கெட்டுப்போகும். ராஜபாளையத்திலேயே மில் தொழிலாளர் குடியிருப்பை ஒட்டி ஒரு சின்னப் பள்ளி இருந்தது. ஓட்டுக் கூரை, இரண்டு வேப்பமரம். ஆறாம் வகுப்புக்கு ஆள் வேண்டும் என்றார்கள். என்னைவிட இருபது வயது சின்னப் பெண்கள் எனக்குச் சீனியர். கையெழுத்து வாங்க அவர்களிடம் நிற்க வேண்டும். நின்றேன். முதல் மாதம் எரிச்சலாக வந்தது, இரண்டாம் மாதம் சிரிப்பு வந்தது, பிறகு எதுவும் வரவில்லை.

அந்த வருஷங்களில் அவரும் மாறினார். நிர்வாகம் பார்க்கிற தொல்லை இல்லாததால் மறுபடி வகுப்பெடுக்கப் போனார். முதலாண்டுப் பையன்களுக்கு டிராயிங் சொல்லிக்கொடுத்தார். சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளோடு வீட்டுக்கு வருவார். சாப்பிடும்போது, "இன்னைக்கு ஒரு பய நல்ல கேள்வி கேட்டான் தெரியுமா" என்று பேச்சைத் தொடங்குவார். நானும் என் ஆறாம் வகுப்பைச் சொல்வேன். கல்யாணமாகி அத்தனை காலத்தில் நாங்கள் இரண்டு வாத்தியார்களாக உட்கார்ந்து பேசியது அப்போதுதான். எனக்கு அது பிடித்திருந்தது. அவருக்கும் பிடித்திருந்தது. ஆனால் பிடித்தது என்பது வேறு, வேண்டும் என்பது வேறு. புதிய பதவி அறிவிப்பு வந்தபோதெல்லாம் பயோடேட்டா மறுபடி பிழை பார்க்க என்னிடம் வந்தது.

எனக்கு ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு என்று ஏறி, ஒரு ஜூனில் பத்தாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்தார்கள். முந்தின வருஷம் அந்தப் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் கணக்கில் தோற்றிருந்தார்கள். நான் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அம்மா மில்லில் முதல் ஷிப்டுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் விடியற்காலையிலேயே எழுந்துவிடும். அவர்களைப் பள்ளி தொடங்குமுன் வரச் சொல்லிக் கணக்குப் போட வைத்தேன். வேப்பமரத்தடியில் கரும்பலகையைச் சாய்த்து வைத்து நடக்கும். தலைமையாசிரியை நாற்காலி இல்லாமலே நான் நினைத்தது நடந்தது. அந்தப் பிள்ளைகள் தேறுமா தேறாதா என்பதுதான் எனக்கு அப்போது உலகம்.

மாசி மாதம். பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது. ஒரு மத்தியானம் அவர் கல்லூரியிலிருந்து சீக்கிரமே வந்தார். சனிக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். கையில் பதிவுத் தபால் உறை.

"வந்திருச்சு" என்றார்.

வாங்கிப் படித்தேன். வேறொரு பல்கலைக்கழகம், இன்னும் பெரியது. பத்து நாளுக்குள் பொறுப்பேற்க வேண்டும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொய் சொல்லவில்லை, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அந்த மனிதர் இதற்காக எத்தனை அவமானத்தை விழுங்கினார் என்று எனக்குத்தான் தெரியும்.

இந்த முறை ஊர் உஷாராக இருந்தது. செயலாளர் வந்து, "தப்பா நெனக்காதீங்க சார், ஒரு தடவ கண்ணால பாத்துக்கிடுறேன்" என்று உத்தரவை வாங்கி, முத்திரை வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் மாலையைக் கையில் எடுத்தார். படிக்கத் தெரியாத அத்தைகூடக் காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இதுதானாலே அது?" என்று கேட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு அவர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். முகத்தில் ஓர் ஆறுதல்.

"ஒன் ஸ்கூல்ல எப்பச் சொல்லப் போற?"

"என்னன்னு?"

"போறோம்னு."

நான் உத்தரவை மடித்து உறைக்குள் போட்டேன். என் தயக்கத்தைப் பயம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அன்பாகத்தான் சொன்னார்.

"இந்தத் தடவ பயமில்ல. ஆர்டர் கையில இருக்கு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருஷமும் அவர் அப்படித்தான் நினைத்திருக்கிறார். ஆர்டர் வராததால்தான் என் வேலை போயிற்று, அன்றைக்கே வந்திருந்தால் என்னிடமிருந்து ஒன்றும் போயிருக்காது என்று. எனக்குக் கோபம் வந்தது. கத்தியிருக்கலாம். ஆனால் குரல் என்னவோ வகுப்பில் பேசுகிற மாதிரி நிதானமாகத்தான் வந்தது.

"ஒங்களுக்குத்தான ஆர்டர் வந்திருக்கு. எனக்கு வரலையே."

"என்ன சொல்ற நீ?"

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன். எம்பிள்ளைகளுக்குப் பரீட்ச வருது."

"பரீட்ச முடிஞ்ச பொறவு?"

"அடுத்த வருசத்துப் பிள்ளைக வரும்."

 அவர் சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டார். "அப்ப நான் தனியாவா போகணும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்தாலும் சொல்லாமல் விடவில்லை. "அன்னைக்கு எடம் கேட்டுத் தாளாளர் முன்னாடி நான் தனியாத்தான போயி நின்னேன்?"

அவர் எழுந்து உள்ளே போனார். அதற்குப் பிறகு அந்தப் பத்து நாளும் இதைப் பற்றிப் பேச்சில்லை. உனக்கு எது சரியோ அதைச் செய் என்றும் இந்த முறை அவர் சொல்லவில்லை. நான் அவர் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கினேன். அத்தை என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டம்மா, "ஊரு என்னக்கா சொல்லும்?" என்று கேட்டுப் பார்த்தார்கள். ஊர் சொல்லாததா?

புறப்படுகிற நாள் காலையில் பல்கலைக்கழகத்துக் கார் வாசலில் வந்து நின்றது. தெரு நிறையக் கூட்டம். செயலாளர், கல்லூரிக்காரர்கள், வத்திராயிருப்பு உறவு எல்லாம். அவர் மாலைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் புத்தகப் பையோடு வாசலில் நின்றேன். டிரைவர் மறுபக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். செயலாளரும் பார்த்தார்.

"டீச்சர் ஏறலையா?" என்று கூட்டத்தில் யாரோ சத்தமாகவே கேட்டார்கள்.   அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நான் என்ன சொன்னாலும் அவருக்குத்தான் தலைகுனிவு.

கார் சன்னலிலிருந்து அவர் தலையை வெளியே நீட்டினார். மூன்றாவது கட்டடம் வரை கேட்கிற அந்தக் குரலில் சொன்னார்.

"அவளுக்கு ஸ்கூல் இருக்கு. கதவச் சாத்துங்க."

கோபத்தில் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. எதுவாக இருந்தால் என்ன, ஊர் முழுக்கக் கேட்கும்படி வாயைத் திறந்து சொன்னாரே.